கிளிப்பச்சைச் சேலை

ஆரணியில் பரசுராமனும் அவன் மனைவி திலகவதியும் நெய்த பட்டுச்சேலைகளை இன்டர்நெட்டில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். தறியிலிருந்து அறுத்த சேலையின் ஓரத்தில் திலகவதி மஞ்சள் தொட்டு வைப்பாள். அப்புறம்தான் படம் பிடித்துப் போடுவார்கள்.

அன்று காலை பெங்களூர் அம்மாள் ஒருத்தி ஆர்டர் அனுப்பியிருந்தாள். ஓரத்தில் குழந்தையின் மஞ்சள் கை பதிந்திருக்கும் கிளிப்பச்சைச் சேலைதான் வேண்டுமாம்.

"தறியில ஓடிகினு இருக்குற கிளிப்பச்சைய யாரு போட்டோ புடிச்சது?" என்றான் பரசுராமன்.

"பாதிகூட நெய்யலியேங்க" என்றாள் திலகவதி.

போனில் தங்கள் விற்பனைப் பக்கத்தைத் திறந்தார்கள். அதே பச்சையில் முழுச் சேலை, அவர்கள் வீட்டுப் பாயில் விரிந்திருந்தது. ஓரத்தில் திலகவதி வைக்கும் மஞ்சள். பக்கத்திலேயே, தவழ்கிற வயதில் ஒரு குழந்தை அழுத்தி வைத்தாற்போல் குட்டி மஞ்சள் கை.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் குழந்தை தவழ்ந்ததில்லை.

"படத்த எடுத்துடட்டுமாங்க?"

"இருக்கட்டும் திலகா."

தறியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஒற்றை விரலால் பதில் தட்டினான்:

"கட்டாயம் அனுப்புகிறோம் அம்மா. கொஞ்சம் லேட் ஆகும்."