பாதி விலைக்கு ஒரு மாமியார்

சுபஸ்ரீயோடு வந்திருந்த பெண் அவளுடைய மாமியார் இல்லை. மாரக்காளுக்கு அது நன்றாகவே தெரியும்.

சுபஸ்ரீயின் மாமியார் பூவாத்தாள் மாரக்காளுக்கு எதிர்வீடு. வீரபாண்டியிலிருந்து அந்தக் குடும்பம் மண்ணரைக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் தினம் பார்த்துப் பேசுகிற முகம். பருத்த உடம்பு, பெரிய மூக்குத்தி, தெருமுனை வரை கேட்கும் குரல். இங்கே டிக்கெட் வரிசையில் நிற்பவளோ ஒடிசலாக, வெளுத்த பச்சைச் சேலையில், யார் மேலும் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள்.

யார் இவள்?

‘ரெண்டு அடுப்பு’ ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சிரிக்க வைத்த நாடகம். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியே சமைக்க, யார் மனசும் கோணாமல் இரண்டு தடவை சாப்பிட்டுத் தவிக்கிற மகனின் கதை. பழைய குழுவினரின் பிள்ளைகள் தூசி தட்டி மறுபடி மேடையேற்றியிருந்தார்கள். மாமியாரும் மருமகளும் ஜோடியாக வந்தால் பாதி விலை என்று திருப்பூர் முழுக்கப் போஸ்டர்.

மாரக்காளும் தன் மாமியாரோடுதான் வந்திருந்தாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள். பாதி விலையை விட மனசில்லாமல் ஒரே ஆட்டோவில் ஏறி, ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்தபடி வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற பரணி ஒவ்வொரு ஜோடியையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, நெசமாலுமே மாமியாருங்களா, இல்ல வர்ற வழியில புடிச்சுட்டு வந்தீங்களா?”

“புடிச்சுட்டு வர்றதா இருந்தா, நல்லதாப் பாத்துப் புடிச்சிருக்க மாட்டனுங்களா?” என்றாள் மாரக்காள்.

வரிசை சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை.

அடுத்தது சுபஸ்ரீ.

“இவங்க யாருங்க?”

“எங்க மாமியாருங்க.”

துளித் தயக்கம் இல்லை. வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது. கூட வந்தவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொய்க்குத் துணைபோகிற கூச்சம் என்று மாரக்காள் நினைத்தாள்.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஒரு ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை கண்ணில் பட்டால் அங்கே அம்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் கை நிற்காது. நாடகம் தொடங்கிய பிறகும் பார்வை மேடைக்குப் போகவில்லை. சுபஸ்ரீயின் அம்மாவா? சாயலே இல்லை. கூட வேலை செய்கிறவளா? இந்த வயதில் எந்தக் கம்பெனியில்? சொந்த மாமியாரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வேறு யாரையோ கூட்டிவர எப்படி மனசு வந்தது?

மேடையில் மகன் இரண்டாவது இலை முன்னால் வந்து உட்கார்ந்தான். அரங்கமே குலுங்கியது. அந்தப் பெண் சுபஸ்ரீயின் கையைப் பிடித்தவள், விடவே இல்லை.

இடைவேளையில் மாரக்காள் நேரே பரணியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் இப்படி ஏமாற்றியிருக்கிறார்களாம். இனி யாராவது சிக்கினால் எல்லார் முன்னாலும் எழுப்பி அனுப்பச் சொல்லி உத்தரவாம்.

“ஆனா தப்பா எழுப்பிட்டா அசிங்கமுங்க. நீங்க உறுதியாக் கேட்டுச் சொல்லீருங்க” என்றான்.

மாரக்காள் பூவாத்தாளுக்குப் போன் போட்டாள். உங்கள் மருமகள் யாரையோ மாமியார் என்று சொல்லி உள்ளே கூட்டிவந்திருக்கிறாள் என்று ஆரம்பித்து, வாசலில் நடந்ததையெல்லாம் சொன்னாள். பரணி பக்கத்திலேயே காத்து நின்றான்.

பூவாத்தாள் இடைமறிக்காமல் கேட்டாள்.

“அது முத்தாயி, கண்ணு. சுபஸ்ரீயோட மொத மாமியார்.”

மாரக்காள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தெருவில் யாருக்கும் தெரியாத கதையைப் பூவாத்தாள் மெதுவாகச் சொன்னாள். சுபஸ்ரீயின் முதல் கணவன் ஒரு விபத்தில் இறந்துபோனான். பிறந்த வீட்டார் விதி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். மருமகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் பூவாத்தாள் வீட்டுப் படியேறியவள் முத்தாயிதான். கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் படியை அவள் மிதிக்கவே இல்லை.

“‘எம் மகனே போயிட்டான், இனி நான் எந்த மொறையில உள்ள வர்றதுங்க’ன்னு வீரபாண்டியில இருந்தப்ப வாசல்லயே நின்னு இவளப் பாத்துட்டுப் போயிருவாங்க, இங்க வந்தப்பறம் அதுவும் இல்ல. நாஞ் சொல்லியும் கேக்கல, இவ அழுதும் கேக்கல. அப்பத்தான் அந்தப் போஸ்டரப் பாத்தேன். மாமியாரான்னு கேட்டுத்தான உள்ள உடறாங்க? நாந்தான் ரெண்டு பேரையும் கெளப்பி அனுப்புனேன்.”

எழுப்பட்டுமா என்பதுபோல் பரணி அரங்கத்தைக் கைகாட்டினான். மாரக்காள் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான்.

“கண்ணு, லைன்ல இருக்கறயா?” பூவாத்தாளின் குரல் தாழ்ந்திருந்தது. “மாமியார்னு அவ சொன்னது முத்தாயி காதுல உழுந்துச்சா?”

முந்தானையால் வாயைப் பொத்திய அந்தக் கை மாரக்காளின் கண்முன் வந்தது.

“உழுந்துச்சுங்க பெரீம்மா” என்றாள். “நான் பாத்தனுங்க.”