சுவரோரப் பள்ளம்

"கோணலா போகுது பாருங்க. நூல் கட்டித்தானே தோண்டறீங்க?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த அம்மாள் கேட்டாள். பள்ளத்துக்குள் நின்றிருந்த வடிகால்காரர் நிமிர்ந்தார். காலையிலிருந்து இது எட்டாவது குறை.

"நூல் நேராத்தாம்மா இருக்கு. உங்க வீடுதான் கொஞ்சம் கோணல்."

அறைக்குள் நின்றிருந்த அவள் கணவர் சிரித்துவிட்டார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு செடிகளின் பக்கம் திரும்பினார்.

பேர்தான் பெரிய பேர், பிரெஞ்சு வடிகால். விஷயம் இவ்வளவுதான்: அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் வெட்டி, துளை போட்ட குழாயைத் துணியில் சுற்றிப் புதைத்து, ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார்கள். மண்ணில் ஊறி வருகிற தண்ணீர் சுவரைத் தொடுவதற்கு முன்னால் குழாய்க்குள் இறங்கி ஓடிவிடும். சுவர் காய்ந்துவிடும். சுவர் காய்ந்தால் மகன் வீடு திரும்புவான்.

அதற்குத்தான் இத்தனை பாடு. மூன்று மாதம் முன்னால், அவன் குடும்பம் இருந்த இந்த அறைச் சுவரில் ஈரம் கண்ட பத்தாம் நாள், "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இந்த ஈரத்துல இருக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு மகன் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். பேரனை அவள் மடியில் சரியாகக்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டாள், அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

"இதெல்லாம் எதுக்கு? ஈரம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், விடேன்" என்று கணவர் பல தடவை சொல்லிப் பார்த்தார்.

"நீங்க பூவாளியைத் தூக்கிட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க, போதும். இந்த வீட்டுக்கு உருப்படியா என்னைக்கு ஒரு வேலை செஞ்சீங்க?"

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த அறை ஜன்னலோரம் நாலு தொட்டி, கையில் ஒரு பூவாளி, அதுதான் உலகம். அவள் காலையில் பால் வாங்கி வருவதற்குள் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றி முடித்திருப்பார்.

"மருமக வந்ததும் முதல்ல கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லணும்" என்றாள் அவள், அறையைச் சுற்றிப் பார்த்தபடி. "ரெண்டு வருஷமா சொல்றேன், காதுல போட்டுக்கிட்டாளா? குழந்தையை எப்படித் தூக்கறதுன்னுகூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. சொன்னா கண்ணைக் கசக்கிட்டு உள்ள போயிடுவா. நான் என்ன கடிச்சா திங்கறேன்? நல்லதுக்குத்தானே சொல்றேன்."

கணவர் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க." வடிகால்காரர் பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி ஜன்னலுக்கு நேரே நீட்டினார். விரலைப் பிரித்ததும் மாவு மாதிரி உதிர்ந்தது. "மூணடி வந்தாச்சு. சொட்டு ஈரம் இல்ல. வடிகால் போட்டா, வடியறதுக்குத் தண்ணி வேணாமா?"

"அப்புறம் சுவர் எப்படி நனையுது?"

"முதல் நாளே உள்ள வந்து பார்க்கறேன்னேன். நீங்கதான் 'எனக்குத் தெரியும், தோண்டுங்க'ன்னுட்டீங்க."

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, சுவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மண்ணிலேர்ந்து வர்ற ஈரம் கீழேர்ந்து மேல ஏறும்மா. ஏறின இடத்துல உப்புப் பூக்கும். இது இடுப்பு உயரத்துல ஆரம்பிச்சுக் கீழ வழிஞ்சிருக்கு. ஊத்தின தண்ணி இது. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க."

அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அவதான். தனிக்குடித்தனம் போறதுக்கு நாடகம் ஆடியிருக்கா. என் பிள்ளையையும் பேரனையும் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா பாவி. இப்பவே அவன்கிட்ட அவ லட்சணத்தைச் சொல்றேன்."

கைபேசியில் மகன் எண்ணைத் தேடினாள்.

"வேண்டாம். போனை வை" என்றார் கணவர்.

"நீங்க பேசாதீங்க. எல்லாம் நீங்க கொடுத்த இடம்."

மறுமுனையில் மணி அடித்தது. சுவரைத் தடவிப் பார்த்த வடிகால்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பளபளவென்று நனைந்திருந்தது.

"அம்மா, அவசரப்படாதீங்க. இது மூணு மாசத்துக்கு முன்னால ஊத்தினது இல்ல. இன்னைக்குக் காலைல ஊத்தினது."

"ஹலோ, அம்மா?" என்றது கைபேசி. அவள் அதை அணைத்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

வடிகால்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடுகிற சத்தம் கேட்டது.

கணவர் பூவாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உன் வாய்க்குப் பயந்துதான் போறோம்னு சொல்லியிருந்தா, ஆயுசுக்கும் நீ அவங்களை வாசப்படி ஏத்தியிருக்க மாட்டே. அதான் ஈரத்தைச் சாக்குச் சொல்லிட்டுப் போங்கன்னு நான்தான் அனுப்பிவெச்சேன். காய்ஞ்சா நீ திரும்பக் கூப்பிட்டுடுவேன்னு தினமும் ஊத்தறேன்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்களுக்கு இந்தச் சுவராவது இருந்தது" என்றார் அவர். "எனக்குத்தான் சொல்லிட்டுப் போக இத்தனை வருஷமா ஒரு சாக்கும் அகப்படல."