ஏமன் அரங்கின் மூன்றாம் மாடிச் சன்னல்

கேளிக்கைப் பூங்காவின் ஏமன் நாட்டு அரங்கு நாளை திறக்கிறது. கடை போட வந்த தகிய்யா, தேன் பெட்டியை இறக்கி வைக்காமல் முகப்பையே பார்த்தபடி நிற்கிறாள். தலைநகர் சனாவின் வீடு ஒன்றை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். மாலை வெயிலில் வண்ணக் கண்ணாடிகள் எரிகின்றன. மூன்றாம் மாடிச் சன்னலில் மட்டும் ஒரு கண்ணாடி இல்லை. அந்த ஓட்டையில் பால்பவுடர் டப்பாவின் தகரம் அடித்திருக்கிறது. “ஏங்க, இது நம்ம வீடு.” “சனாவுல எல்லா வீடும் இப்படித்தான். பெட்டியை இறக்கு,” என்கிறான் கணவன் முதஹ்ஹர். “அந்தத் தகரத்தை அடிச்சது நீங்கதானே?” அவன் நிமிர்ந்து பார்க்கிறான். நான்கு ஆணி. ஒன்று வளைந்திருக்கிறது. சாரத்தில் நிற்கும் ஓவியன் பெருமையாகக் கத்துகிறான்: “பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது அண்ணே. ஒரு ஆணிகூட விடல!” சன்னல் விளிம்பில், சந்தைச் சாமானை மேலே இழுக்கக் கயிறு கட்டிய கூடைகூட இருக்கிறது. சனாவில் அந்த வீட்டின் மேல் குண்டு விழுந்த காலையில் இருவரும் சந்தையில் இருந்தார்கள். மகள் பல்கீஸ் அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்தாள். தகிய்யா சன்னலுக்கு நேர் கீழே போய் நிற்கிறாள். சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுகிறாள்: “பல்கீஸ், கூடையை விடும்மா!” “இதோ வருது அக்கா!” என்று சிரிக்கிறான் ஓவியன். கூடை ஆடி ஆடி இறங்கி, அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.