தோமேயும் போதும்பொண்ணும்

ஜப்பானின் அந்த முதியோர் இல்லத்தில் தொண்ணூற்று நான்கு வயது தோமே இதுவரை மூன்று நர்ஸ்களின் மூக்கை உடைத்திருந்தாள். நான்காவது நர்ஸ் மதிலேறிக் குதித்து ஓடியவள், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாளாம். ஐந்தாவதாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவள் போதும்பொண்ணு. இன்று கிழவிக்குக் கஞ்சி ஊட்டாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

முதல் கிண்ணம் பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டாள்: "இவ்வளவு ஆத்திரம் யார் மேலம்மா?"

"பேரு வெச்சவன் மேல! தோமேன்னா 'நிறுத்து'ன்னு அர்த்தம். ஏழாவதும் பொட்டையாப் போச்சேன்னு எங்கப்பன் சாமிக்குப் போட்ட உத்தரவுடி நான்! நான் வளந்து நாலு சாத்து சாத்தறதுக்குள்ள செத்துத் தொலைஞ்சான்."

போதும்பொண்ணு சிரித்துவிட்டாள். "எங்க ஊர்லயும் இதே கதைதாம்மா. இனி பொண்ணே வேணாம்னுதான் எனக்கும் பேரு வெச்சாங்க. நான் ஆறாவது."

சிரித்ததற்கு அடிக்க ஓங்கிய கிழவியின் கை அந்தரத்தில் தொங்கியது. "உங்கப்பன் இருக்கானா?"

"இருக்காரு, குத்துக்கல்லாட்டம்."

கிழவி இரண்டாவது கிண்ணத்தைப் பிடுங்கி, கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.