வழுக்காத லாடம்

ஸ்டட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

லாடத்தின் பின்முனையில் திருகிப் போடும் சின்ன இரும்பு முளை அது. கத்தாரில் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. போட்டால் ஈரச் சாலையிலும் குதிரை வழுக்காது.

இன்று அது வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. சர்ச்சுக்குப் போகிற ஏற்றம் முழுக்கப் பாசி பிடித்த கான்கிரீட். வெறும் லாடத்தோடு போனால் எங்கள் பவுனு பாதி ஏற்றத்தில் கால் வழுக்கி விழுவாள். முதுகில் கோட்டும் சூட்டுமாக இருக்கப் போகிற பிபின் ஊர் பார்க்க மண்ணைக் கவ்வுவான். கவ்வட்டும், நாசமாய்ப் போகிறவன்.

பவுனுக்கும் அடிபடுமே என்று மனசு அடித்துக்கொண்டதுதான். ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

என் தங்கை அஞ்சுவை நிச்சயம் செய்தவன் அவன். பந்தல் போடுகிற வாரத்தில், குதிரை நாற்றமடிக்கிற வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று போனில் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அஞ்சு சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அதே பயலுக்கு இன்று கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டுமாம். நாகர்கோவில் ஏஜென்ட், யார் குதிரை என்று சொல்லாமலே பேசி முடித்துவிட்டான்.

அஞ்சு லாயத்துக்குள் வந்தாள். என் கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாலு காலுலயும் முறுக்கிப் போடு அண்ணா. கொஞ்சங்கூட வழுக்கப்பிடாது."

இன்னுமா அவன்மேல் ஆசை? சீ, சூடு சுரணை இல்லாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எல்லா முளைகளையும் முறுக்கினேன்.

பவுனுக்குத் தீனி வைப்பது அவள்தான். வைத்தாயிற்றா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பிபினின் முகம் செத்துப்போனது. சட்டென்று கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டான். பேண்டு முழங்க, பவுனு அந்தப் பாசி ஏற்றத்தில் ஜம்மென்று ஏறினாள்.

பாதி ஏற்றத்தில் எங்கள் வீட்டு வாசல் வந்ததும் நின்றாள்.

இழுத்தேன். அசையவில்லை. மாப்பிள்ளையின் கூட்டுக்காரர்கள் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள்தான் வழுக்கினார்கள். பவுனுவின் கால்கள் கான்கிரீட்டோடு பிடித்த பிடியில் இருந்தன.

அப்போதுதான் கேட்டருகில் அஞ்சுவைப் பார்த்தேன். வாளி நிறைய அவித்த கொள்ளு. அதை நடுரோட்டில் வைத்தாள். பவுனு தலையை உள்ளே விட்டாள்.

நேற்றிலிருந்தே பட்டினி போட்டிருக்கிறாள், பாவி.

பேண்டு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அது எந்த வீட்டு வாசல் என்று ஊருக்கே தெரியும். யாரோ சிரித்தார்கள். பிறகு பெண் வீட்டிலிருந்து எதிர்கொள்ள வந்தவர்களும் சிரித்தார்கள். செல்போன்கள் மேலே உயர்ந்தன. பிபினுக்கு இறங்கவும் தெரியவில்லை. அஞ்சுவைப் பார்த்து ஏதோ கெஞ்சினான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"விழுந்திருந்தா, அய்யோ பாவம்னு எல்லாரும் தூக்க ஓடியிருப்பாவ."

நான் கயிற்றைக் கையிலிருந்து விட்டேன்.