பத்தில் நான்கு

"தோட்டா ஏதாவது இந்த அறையில இருக்காம்மா?" என்று கேட்டான் டுவைட்.

"சர்க்கரை டப்பா பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு."

"அதை எடுத்துட்டுப் போய் வேற அறையில வெச்சிட்டு வாங்க."

"உப்பு, மிளகு இருக்கலாமா?" என்றபடி லோர்னா பெட்டியோடு போய் வந்தாள்.

துப்பாக்கி பழுது பார்க்கும் டுவைட், மொன்டானாவின் அந்தச் சிற்றூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மேசையில் கிடந்த வேட்டைத் துப்பாக்கியின் குழலை, தான் கொண்டுவந்த மணல் மூட்டைப் பக்கம் திருப்பினான். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டைத் திறந்து உள்ளே பார்த்தான். விரலை விட்டும் பார்த்தான்.

"காலியாத்தான் இருக்குன்னு சொன்னேனே, தம்பி."

"உங்களை நம்பறேன். துப்பாக்கியை நம்பறதில்ல."

"சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குது. தங்கச்சி பொண்ணு இதைக் கேக்கறா. குறையில்லைன்னு நீ சொல்லிட்டா கொடுத்துடுவேன். குறை இருக்காது. எனக்குத் தெரியும்."

டுவைட் வெடிமருந்தில்லாத டம்மித் தோட்டாவைப் போட்டு மூடினான். சுடாமல் தடுக்கும் சேஃப்டியை மாட்டிவிட்டு விசையை இழுத்தான். சத்தமில்லை.

"பாத்தியா? காபி ஊத்தட்டுமா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி." விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை மட்டும் தள்ளி விடுவித்தான்.

டிக்.

லோர்னா காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். "விசையைத் தொட்டுட்ட."

"தொடலம்மா."

"தொட்ட. மறுபடி செய்."

இந்த முறை சேஃப்டியைத் தள்ளும்போது, விரலை அவள் கண்ணெதிரே நீட்டி வைத்துக்கொண்டான். பத்துத் தடவை செய்தான். நான்கு தடவை டிக்.

"உள்ளே தேய்ஞ்சிருக்கு. நிஜத் தோட்டாவா இருந்தா வெடிச்சிருக்கும். யாருக்கும் கொடுத்துடாதீங்க."

"கையில வெச்சிருக்கறவனுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? தோட்டாவை வெளிய எடுக்கலாம்னு சேஃப்டியைத் தள்ளினாலே போதும்."

லோர்னா எழுந்துபோய்த் தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள்.

"டிராவிஸ், அம்மா பேசறேன்."

மேசையில் கிடந்த துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

"விசையைத் தொடலன்னு ஒன்பது வருஷமா நீ சொன்னதை நான் நம்பவே இல்லடா. அப்பாவைச் சுட்டது நீ இல்ல."