பசியோடு பிறந்தவர்கள்

அந்த வார்டில் விடிந்ததும் ஊசியோடு, ரத்தம் எடுக்கும் காலி டியூப்கள் வந்துவிடும். உள்ளே காற்றுகூட இல்லாத, பிறவிப் பசிக்காரர்கள். அன்று வந்தவர்களில் ஊதா மூடிக்காரன் கொஞ்சம் பயந்தவன்.

"எவ்வளவு குடிக்கணும் அண்ணே?" என்று சிவப்பு மூடிக்காரனைக் கேட்டான்.

"கழுத்து வரைக்கும்."

"சோதனைக்கு அவ்வளவு வேணுமா?"

"நாலு சொட்டு போதும். மிச்சம் குப்பைக்கு."

"அப்புறம் ஏன் அண்ணே?"

"நம்ம வயித்தை அந்த அளவுக்குச் செஞ்சிருக்காங்க. பசிக்கிறவன் நியாயம் பேசக்கூடாதுடா."

கட்டிலில் செபஸ்தியான் வெளுத்துக் கிடந்தார். காய்ச்சலுக்கு வந்தவர்; காய்ச்சல் போய்விட்டது, ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை. ஊசி இறங்கியது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஊதா மூடிக்காரன் கழுத்து வரை குடித்தான். இளஞ்சூடாக இருந்தது. அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

மதியம் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது; கூடவே ஊதா மூடிக்காரனும் திரும்பி வந்தான். டாக்டரம்மா அவனைக் கட்டிலருகே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்தைவிட ரத்தம் குறைஞ்சிருக்கே! எங்கேதான் போகுது?"

"இங்கேதான் அம்மா! எங்களுக்குள்ளேதான்!" என்று அவன் கத்தினான். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"கண்டுபிடிச்சே ஆகணும், சிஸ்டர். இப்பவே இன்னும் ரெண்டு டியூப் எடுங்க."

புது டியூப்கள் இரண்டு தட்டில் வந்து நின்றன. செபஸ்தியான் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் தானாக வெளியே நீண்டது.